குழலைத் தொடாத கட்டை

புரட்டாசி 22, புதன்

நேற்றுக் காலை தோட்டாப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினேன்: ‘ஒரு தோட்டா. பன்றி. காயம்.’ அந்தப் புத்தகத்தில் அதற்கு மேல் எழுத இடமில்லை. அதனால் மீதியை இந்த நோட்டில் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் அர்த்தநாரி, பஞ்சாயத்துப் பட்டியலில் இருக்கும் துப்பாக்கிக்காரர். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் கடலையோ மரவள்ளியோ, எதைப் போட்டாலும் காட்டுப்பன்றி இறங்கிவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் எழுதிக் கொடுத்தால் பஞ்சாயத்தில் உத்தரவு போடுவார்கள். இவர் போய்ச் சுடுவார். மாமனார் காலத்து 315 ரைபிள். தூரக் கண்ணாடி எதுவும் அதில் இல்லை. பின்னால் ஒரு வெட்டு, குழலின் நுனியில் ஒரு முள். முள்ளை வெட்டுக்குள் நிறுத்திக் குறி பார்க்க வேண்டும்.

நேற்று விடியும் நேரம் பக்கத்துக் காட்டுக்காரன் ராசுக்குட்டியின் மரவள்ளிக்குள் ஒரு பெரிய ஆண்பன்றி. அறுபது அடி எடுத்து வைக்கும் தூரம்தான். முன்னங்காலுக்குப் பின்னால் பட்டிருந்தால் நின்ற இடத்திலேயே விழுந்திருக்கும். வயிற்றில் பட்டது. அது திரும்பி வரப்பில் நின்ற ராசுக்குட்டியின் தொடையைக் கிழித்துவிட்டது. இருபத்திரண்டு தையல். அவன் குறுக்கே இருந்ததால் இவரால் இரண்டாவது தோட்டாவைப் போட முடியவில்லை. பன்றியை மத்தியானம் வாய்க்கால் புதரில் செத்துக் கிடக்கக் கண்டார்கள்.

இரவு இவர் சாப்பிடவில்லை. “முள்ளு நெஞ்சு மேலதான் நின்னுது அம்மிணி. நான் பார்த்தேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “பார்த்தேன்னுதான் நினைச்சேன்” என்றார்.

புரட்டாசி 23, வியாழன்

ராசுக்குட்டி வீட்டுக்கு ரசமும் சாதமும் கொண்டுபோனேன். அவன் மனைவி துளசிமணி, “எதுக்கு அக்கா இதெல்லாம்” என்று வாங்கிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மரவள்ளிக்குத் தண்ணீர் விட ஆளில்லை என்றாள். நம் மோட்டாரைத் திருப்பிவிட்டேன்.

புரட்டாசி 25, சனி

பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டு, போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிக்கொண்டு, பழைய கல்குவாரிக்குப் போனோம். நான் எப்போதும் உடன் போவேன். அட்டையில் வட்டம் வரைவது, அடி எண்ணுவது, எந்தத் தோட்டா எங்கே விழுந்தது என்று எழுதுவது எல்லாம் என் வேலை.

ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். துப்பாக்கியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை மகளின் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தில் படித்து முடித்தேன். பன்னிரண்டு வருடம் எழுதியதில் மீதியைத் தெரிந்துகொண்டேன். குழலுக்குள் எண்ணெய் இருந்தால் முதல் தோட்டா தனியாகப் போகும். ஒரு பெட்டித் தோட்டா போல இன்னொரு பெட்டி இருக்காது. திருகாணி கால் சுற்று தளர்ந்தாலும் அட்டையில் தெரியும். துப்பாக்கி நடுவில் சுட வேண்டும் என்பதுகூட இல்லை. சுடும்போதெல்லாம் ஒரே இடத்தில் சுட வேண்டும். ஒரே இடத்தில் விழுந்தால் முள்ளைத் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

இன்று நூறு கஜத்தில் மூன்று தோட்டா. மூன்றும் இடது பக்கம், ஐந்து விரல் தள்ளி.

“துப்பாக்கியப் பார்க்கலாமுங்களா?” என்று கேட்டேன்.

“பன்னெண்டு வருசமா மாறாத துப்பாக்கி இப்ப எதுக்கு மாறுது? மாறுனது நான். அம்பத்தொம்பது ஆச்சு” என்றார். பித்தளைக் கம்பியை வைத்து முன்முள்ளை இடது பக்கம் மெல்லத் தட்டினார். தோட்டா போன பக்கமே முள்ளும் போக வேண்டும், அப்போதுதான் சரியாகும். பிறகு இரண்டு தோட்டா. நடுவில் விழுந்தன.

“என்ற கண்ணுக்குத் தக்கன வெச்சாச்சு” என்றார். அதில் அவருக்குச் சந்தோஷம் இல்லை.

‘முள் இடப்புறம் நகர்த்தப்பட்டது’ என்று தேதியோடு எழுதினேன்.

புரட்டாசி 26, ஞாயிறு

பஞ்சாயத்து மெம்பர் சுலோசனா வந்தாள். ஊரில் பேச்சாக இருக்கிறதாம். பட்டியலில் இவர் பேர் இருக்க வேண்டுமானால், செக்ரட்டரி முன்னால் மூன்று தோட்டா சுட்டுக்காட்ட வேண்டும். சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம். ஐப்பசி 12 புதன்கிழமை.

“அண்ணனத் தப்பாச் சொல்லலீங்க. ஒரு மனுசன் ரத்தம் சிந்திப்போட்டான், பஞ்சாயத்து கேக்காம விட்டா நாளைக்கு எங்களத்தான் கேப்பாங்க.”

“கேக்கறதுதான் நாயம்” என்றார் இவர். காபியைக் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

புரட்டாசி 29, புதன்

இவர் வெண்டைக்காய்க் காட்டுக்கு மருந்து அடிக்கப் போயிருந்தார். துப்பாக்கியைத் துடைக்க எடுத்தேன். உள்குழலை அவர்தான் சுத்தம் செய்வார். வெளியே துடைப்பது நான். அது இல்லாமல் வெடிக்காது என்று போல்ட்டைக் கழற்றித் தன் பெட்டியில் பூட்டிவிட்டு, மிச்சத்தை என்னிடம் தருவார்.

கண் மேல் பழி போட்டது எனக்கு ஒப்பவில்லை. பாலக்காட்டில் துப்பாக்கி ரிப்பேர் செய்யும் குஞ்ஞுமோன், நாலு வருடம் முன் துப்பாக்கியின் மரக்கட்டையை இழைத்துக் கொடுத்தபோது ஒன்று சொல்லியிருந்தார். சுடும்போது குழல் தந்திக்கம்பி மாதிரி அதிரும். அடியில் இருக்கும் கட்டை அதை எங்கேயும் தொடக்கூடாது. தொட்டால் அந்தப் பக்கத்திலிருந்து தள்ளும். நடுவில் ஒரு தாள் தடையில்லாமல் போய்வர வேண்டும்.

நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்தேன். குழலுக்கு அடியில் கொடுத்து நுனியிலிருந்து இழுத்தேன். நாலு விரல் வந்ததும் வலது பக்கம் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தேன், தாள் கிழிந்தது.

கொண்டை ஊசியால் நெருடினேன். சுண்ணாம்பு மாதிரி கெட்டியாக ஒரு பொருள். மஞ்சளும் வெள்ளையுமாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன்.

சந்தனம். விபூதி.

ஆயுத பூஜைக்கு வருடா வருடம் துப்பாக்கியின் பின்கட்டையில் ஒரு பொட்டு வைப்பேன், அவ்வளவுதான். இந்த வருடம் பன்றித் தொல்லை அதிகம், இவர் போகிற நாட்களும் அதிகம். முருகன் துணை இருக்கட்டும் என்று விபூதியையும் சந்தனத்தையும் குழைத்துக் குழல் மேல் மூன்று பட்டையாகச் சாத்தினேன். குழைத்தது கொஞ்சம் தண்ணீராகிவிட்டது. மணை மேல் வலது பக்கமாகச் சாய்த்து வைத்தேன். ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தது. மறுநாள் ஈரத் துணியால் வெளியே தெரிந்ததைத் துடைத்தேன். வழிந்து உள்ளே இறங்கியது அங்கேயே காய்ந்துவிட்டது. வலது பக்கம் இறுகிப்போய்க் குழலை இடது பக்கம் தள்ளியிருக்கிறது.

பூஜை புரட்டாசி 15. ராசுக்குட்டிக்குப் பட்டது 21.

துப்பாக்கியை அப்படியே உறையில் போட்டு வைத்துவிட்டேன். இவர் வந்து, “தொடச்சாச்சா?” என்றார். “ஆச்சுங்க” என்றேன்.

புரட்டாசி 30, வியாழன்

துளசிமணி வீட்டுக்குக் கீரைக் கூட்டு. ராசுக்குட்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். “அண்ணன் மூஞ்சிய தொங்கப்போட்டுட்டு இருக்காராமே? பன்னி பண்ணுனதுக்கு அவரென்ன பண்ணுவாரு, சொல்லுங்க அக்கா” என்றான். சொல்கிறேன் என்றேன்.

ஐப்பசி 1, சனி

மூங்கில் சீவலால் அந்த அடைப்பை முழுவதும் எடுத்துவிட்டேன். ஒரு ஸ்பூன்கூடத் தேறாது. துளசிச் செடிக்கு அடியில் போட்டேன். தாள் இப்போது இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வழுக்கிக்கொண்டு போகிறது. மனம் லேசாகிவிட்டது. இனி அவர் சுடுவது சரியாக விழும், பட்டியலில் பேர் நிற்கும். நடந்ததைச் சொல்லி அவரை நோகடிப்பானேன்? சொல்லாமல் இருப்பது அவருக்காகத்தான்.

முருகனிடம் சொல்லிவிட்டேன்.

ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. எண்ணெய் வைத்தேன், கடலைப்பருப்புப் பூரணம் வைத்து ஒப்பிட்டு சுட்டேன். மகள் பெங்களூரிலிருந்து போனில் பேசினாள். அப்பா குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். சளி என்றேன்.

ஐப்பசி 5, புதன்

சஷ்டி விரதம் ஆரம்பம். ஆறு நாளும் பாலும் பழமும்தான்.

சாயங்காலம் குவாரிக்குப் போனோம். அவருக்குத் தைரியம் வரட்டும் என்று வட்டத்தைப் பெரிதாகவே வரைந்தேன். மூன்று தோட்டா. மூன்றும் வலது பக்கம், ஐந்து விரல் தள்ளி.

அவர் அட்டையைப் பார்க்கக்கூட வரவில்லை. கல் மேல் உட்கார்ந்துவிட்டார். “போன தடவ இடது. இப்ப வலது. நாளைக்கு மேல போகும். துப்பாக்கி ஒரு பக்கம் போனா முள்ளத் தட்டலாம். கண்ணு நாளுக்கொரு பக்கம் போனா எதத் தட்டறது?”

நான் புத்தகத்தைத் திருப்பினேன். ‘முள் இடப்புறம் நகர்த்தப்பட்டது.’ என் கையெழுத்து. சந்தனம் தள்ளிய கணக்குக்கு அவர் முள்ளைத் தட்டினார். சந்தனத்தை எடுத்தவள் முள்ளை நினைக்கவே இல்லை. எழுதியவள் நானேதான், எழுதியதைப் படிக்காமல் போய்விட்டேன்.

“வெள்ளிக்கிழம ஸ்டேஷன்ல ஒப்படைச்சுடறேன். பன்னண்டாந் தேதி வரைக்கும் எதுக்குப் போய் நிக்கோணும்? ராசுக்குட்டி தப்பிச்சான். அடுத்தவன் தப்பிக்கோணுமில்ல” என்றார்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வழி முழுக்கச் சொல்லிவிட நினைத்தேன். வீடும் வந்துவிட்டது.

ஐப்பசி 6, வியாழன்

சொல்லவில்லை.

ஐப்பசி 7, வெள்ளி

காலையில் வேட்டி மாற்றிக்கொண்டு துப்பாக்கி உறையை எடுத்தார். லைசென்ஸ் புத்தகத்தை மஞ்சப்பையில் போட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது கதவுக்குக் குறுக்கே நின்றேன்.

“ஏனுங், கொஞ்சம் உள்ள வாங்க.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“பஸ்ஸு போனாப் போவுது. உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. நான்தான் துப்பாக்கிக்குப் பட்டை போட்டுப்போட்டேன்.”

அவருக்குப் புரியவில்லை. பூஜையிலிருந்து சொன்னேன். மணையில் சாய்த்து வைத்தது, வழிந்தது, காய்ந்தது. தாளை எடுத்துக் குழலுக்கு அடியில் இழுத்துக் காட்டினேன். “தீபாவளிக்குத் தொடைக்கறப்ப ஏதோ உதிர்ந்துது, எடுத்து வீசிப்போட்டேன். என்னன்னு நினைக்கல. இப்பத்தான் புரிஞ்சுது” என்றேன்.

அவர் திருகாணியைக் கழற்றிக் கட்டையைப் பிரித்தார். வலது பக்கம் மரத்தில் மஞ்சள் கறை ஒன்று பட்டையாக இருந்தது. விரலால் தடவினார். மோந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பதினேழு நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன்.

“சாமிக்குப் போட வேண்டிய பட்டைய இதுக்கு எதுக்கு அம்மிணி போட்டே? இதென்ன பழனிக்கு மாலை போட்டிருக்குதா?”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டேன்.

முள்ளைப் பழைய கீறலுக்கே திருப்பித் தட்டினார். “வெளிய சொல்லாத. ஊரு ஒரு வருசம் பேசிச் சிரிக்கும். மழைக்குக் கட்டை ஊதிப்போச்சுன்னு சொல்லிக்கலாம்” என்றார். எனக்காகத்தான் சொன்னார்.

உண்மையில் எந்தத் தேதியில் கண்டேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஐப்பசி 10, திங்கள்

சூரசம்ஹாரம். கோயிலுக்குப் போகும் முன் குவாரியில் மூன்று தோட்டா. மூன்றையும் என் உள்ளங்கையால் மூடிவிடலாம். நடுவில்.

“குஞ்ஞுமோன் சொன்ன மாதிரி, கட்டை விட்டுட்டா குழல் சொன்ன பேச்சு கேக்கும்” என்றார். விசில் அடித்துக்கொண்டே காலித் தோட்டாக்களைப் பொறுக்கினார்.

கோயிலில் கூட்டம். கண்ணை மூடினால் துளசிமணி வாசல்தான் வந்தது.

ஐப்பசி 12, புதன்

காலை பத்து மணிக்குக் குவாரியில் செக்ரட்டரி, சுலோசனா, ஊர்க்காரர்கள் பத்துப் பேர். ராசுக்குட்டி கம்பு ஊன்றிக்கொண்டு வந்திருந்தான், கூடத் துளசிமணி. அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை.

இவர் தரையில் சாக்கை விரித்துப் படுத்தார். குழலுக்குள் எண்ணெய் இல்லாமல் துடைத்திருந்தோம், ஒரே பெட்டித் தோட்டா. முதல் சத்தத்துக்குக் கொக்குகள் எழுந்தன. மூன்றும் தட்டுக்குள்ளே. மூன்றாவது இரண்டாவதைத் தொட்டுக்கொண்டு இருந்தது. யாரோ கை தட்டினார்கள்.

செக்ரட்டரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். மலையாளக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். “சரி, இப்போ கரெக்ட். அன்னைக்கு ஏன் தப்பாச்சு? அதையும் எழுதணும்.”

“மழைக்குக் கட்டை ஊதிப்போச்சுங்க” என்றார் இவர்.

செக்ரட்டரி பேனாவை நிறுத்தினார். “அப்போ அடுத்த மழைக்கும் ஊதும் அல்லே? துலாவர்ஷ மழை இப்போதானே தொடங்குது. நான் எப்படி அர்த்தநாரி பேரை வைக்கிறது?”

சுலோசனா செக்ரட்டரியைப் பார்த்தாள். சொன்ன பொய், சுட்ட மூன்று தோட்டாவையும் தள்ளிவிடப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

“கட்டை ஊதலீங்க” என்றேன்.

“மயிலா” என்று என் பேரைச் சொன்னார் இவர், மெதுவாக.

“கட்டை ஊதலீங்க சார். நான் ஆயுத பூஜைக்குக் குழல் மேல விபூதியும் சந்தனமும் பூசினேன். அது கட்டைக்கும் குழலுக்கும் நடுவுல எறங்கிக் கெட்டியாப் போச்சு. அதுதான் குழலத் தள்ளுச்சு. அவரு குறி சரியாத்தான் வெச்சாரு. தப்பு என்னுது. இப்ப எடுத்தாச்சு. இனிமே எந்த மழைக்கும் வராது.” புத்தகத்தைத் திறந்து செக்ரட்டரி முன்னால் வைத்தேன். இடது போனது, முள் தட்டியது, வலது போனது, எல்லாம் தேதியோடு இருந்தது.

பின்னால் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், “துப்பாக்கிக்கும் நெத்தி இருக்குதாடா” என்றார். செக்ரட்டரி சிரிக்கவில்லை. பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

ராசுக்குட்டி கம்பை ஊன்றி ரெண்டடி முன்னால் வந்தான். “அக்கா, இது எப்பத் தெரியும் உங்களுக்கு?”

தீபாவளி என்ற சொல் நாக்கில் தயாராக இருந்தது. இவருக்குச் சொன்னதுதான். அதையே சொன்னால் இவரிடம் சொன்னதும் மெய்யாகிவிடும்.

“புரட்டாசி இருபத்தொம்பது.”

இவர் தலை என் பக்கம் திரும்பியது. நான் பார்க்கவில்லை.

“பதினாலு நாளா?” என்றாள் துளசிமணி. “தெனமும் எங்கூட்டுக்கு வந்தியே அக்கா. அப்பவெல்லாம் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் ராசுக்குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, “வா, வெயிலாகுது” என்றாள். அவன் போகும்போது செக்ரட்டரியிடம், “அண்ணன் பேரு இருக்கட்டுங்க சார்” என்றான். என் பக்கம் திரும்பாமலே நடந்தான். தொடை மடங்காமல் அவன் அந்த ஏற்றத்தில் ஏறி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

பேர் இருக்கிறது. செக்ரட்டரி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து இவருக்குச் சோறு போட்டேன், சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து கேட்டார்: “எங்கிட்டயுமா அம்மிணி?”

உங்கள் மனம் நோகும் என்றுதான், என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த நோட்டில் அப்படித்தான் எழுதியும் வைத்திருக்கிறேன்.

“உங்ககிட்டத்தான் ரொம்பப் பயம்” என்றேன். “இனிமே இத என்ற கையில குடுக்க மாட்டீங்கன்னு.”

அவர் உள்ளே போனார். பெட்டியைத் திறந்து போல்ட்டை வைத்துப் பூட்டும் சத்தம் கேட்டது. வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் பாத்திரம் கழுவினேன், மோட்டாரைப் போட்டேன், ராசுக்குட்டி காட்டு வாய்க்காலைத் திறந்துவிட்டேன். அதை வேண்டாம் என்று அவர்கள் இதுவரை சொல்லி அனுப்பவில்லை.

திரும்பி வந்தபோது திண்ணையில் பழைய துணியை விரித்து, அதன் மேல் துப்பாக்கியை நெட்டுக்குத்தாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம்.

“குவாரித் தூசி எல்லாம் ஒட்டியிருக்குது. வெளக்கு வெக்கறதுக்குள்ள தொடச்சு வெச்சிரு” என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனார்.